தூண்டில் கோலும் ஒரு நொடிப் பொறுமையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பொறுமையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பென்சில்வேனியாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொண்டேன். நம் ஊர்க் குளத்தில் மண்புழு கோத்துப் போடும் தூண்டில் அல்ல இது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலச் செய்து, ஓடையில் இருக்கும் ட்ரவுட் மீனை ஏமாற்ற வேண்டும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நம் நீலகிரி ஓடைகளில் விட்டார்களே, அதே மீன்தான்.

கடைக்குப் போனால் தலை சுற்றியது. மலிவான கோலும் உண்டு, ஆயிரம் டாலர் கோலும் உண்டு. எதை வாங்குவது? வாத்தியார் புத்தி போகுமா? முதலில் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற ரோமானியர் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். மாசிடோனியாவில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றி, இறகு கட்டி மீன் பிடித்தார்களாம். கோல் ஆறடி, நூலும் ஆறடி. 1496-ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு புத்தகம், கோல் செய்வது, குதிரைவால் முடியை முறுக்கி நூலாக்கிச் சாயம் ஏற்றுவது, ஊசியை வளைத்து முள் செய்வது என எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கிறது. அன்று மீன் பிடிப்பவனே தன் கருவியையும் செய்துகொண்டான். நூலைக் கோலின் நுனியில் கட்டியிருந்ததால் வெகுதூரம் வீச முடியாது.

19-ம் நூற்றாண்டில் எண்ணெய் ஏற்றிய பட்டு நூல் பரவியது. கனம் இருந்ததால் தூரம் போனது. ஆனால் மீன் பிடித்து வந்ததும் அதைக் காயப் போட வேண்டும், இல்லாவிட்டால் இற்றுவிடும். கோலும் மாறியது. 1840-களில் இதே பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கி செய்யும் சாமுவேல் ஃபிலிப்பி என்பவர் மூங்கிலைப் பிளந்து, பட்டைகளை ஒட்டிக் கோல் செய்தார். பிறகு மெய்ன் மாநிலத்து ஹைரம் லெனார்ட், ஆறு பட்டை ஒட்டிய கோல்களால் பெயர் பெற்றார். இந்தத் தொழிலுக்கு நல்ல மூங்கில் சீனாவிலிருந்து வந்தது. 1950-ல், கொரியப் போர்க் காலத்தில், அமெரிக்கா சீன வணிகத்தைத் தடை செய்ததும் மூங்கில் வரத்து நின்றது. கண்ணாடி இழைக் கோல் அந்த இடத்தைப் பிடித்தது. 1970-களில் கிராஃபைட் வந்தது.

இதையெல்லாம் படித்தபின்தான் ஒன்று புரிந்தது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நூலை இழுத்துப் போகும். இங்கே பூச்சிக்கு எடையே இல்லை. நூலின் எடைதான் பூச்சியைக் கொண்டுபோகிறது. அதனால்தான் 1960-களின் தொடக்கத்தில் தயாரிப்பாளர்கள் சேர்ந்து, நூலின் முதல் 30 அடி எடையை வைத்து எண் கொடுத்தார்கள். 5-ம் எண் நூல் என்றால் அந்த 30 அடி சுமார் 9 கிராம். கோலிலும் அதே எண் இருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு ஒன்பதடிக் கோல், 5-ம் எண், மிதக்கும் நூல் போதும். கோலில் மிச்சம் பிடித்து நல்ல நூல் வாங்குங்கள். சிறு மீனுக்கு ரீல் என்பது நூல் சுற்றி வைக்கும் சாமான், அவ்வளவுதான்.

வாங்கிவிட்டேன். வீசத்தான் வரவில்லை!

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் புல்வெளியில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார். முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டு. கோலைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்த வேண்டும். பின்னால் பறக்கும் நூல் நேராக நீளும்வரை காத்திருந்து, பிறகே முன்னால் வீச வேண்டும். நான் காத்திருக்கவில்லை. சாட்டை அடித்தது போலச் சத்தம் கேட்டது. முள் கட்டியிருந்தால் அறுந்து போயிருக்கும் என்றார். பலத்தைக் கூட்டினேன், இன்னும் மோசமானது. ஜோன் வுல்ஃப் என்ற பெண்மணி 1960-ல் 161 அடி வீசியவர் என்று சொல்லி, என் தோளைக் கீழே தளர்த்தினார். பிறகு, "திரும்பிப் பாருங்கள், நூல் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். போய்க்கொண்டுதான் இருந்தது.

அந்த இடத்தில் எனக்கு ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நினைவுக்கு வந்தான். திக்கிப் பேசுவான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், உதடு அசையும். நான் ஒரு நொடி பார்ப்பேன், "சரி உட்காரு, அடுத்து" என்பேன். ஒரு வருடம் முழுக்க அப்படித்தான். அவன் முகம் நினைவிருக்கிறது, பெயரும் நினைவிருக்கிறது. அவன் சொல்ல வந்த ஒரு பதில்கூட எனக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் நூல் நேராக விழுந்தது. பிறகு ஓடையில் ஒரு சிறு ட்ரவுட் கிடைத்தது, தண்ணீரிலேயே விட்டுவிட்டேன்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு "அடுத்து" என்று சொல்லலாம்.