கீமோவும் கரண்டும் கல்லீரலுக்கு வந்த வழி

சேலம் ஜங்ஷன் இருப்பது எங்கள் சூரமங்கலத்தில். அங்கே டிக்கெட் கவுண்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும் புற்றுநோயாளிகளின் கன்செஷன் பாரம் என் கைக்கு வரும். படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே கிடையாது; துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. அநேகமாக எல்லாப் பாரத்திலும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் முத்திரைதான் இருக்கும். அந்த ஆஸ்பத்திரியின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதனால்தான்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியிடமும், மறு வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவிடமும் வந்தவர்களில் பலர் நோய் முற்றியவர்கள். புகையிலையை அடக்கி அடக்கி, கன்னத்தின் உள்பக்கம் புண் பரவி, கத்தி வைக்கவே இடமில்லாமல் வந்த ஏழைகள். கரண்ட் என்று நம் ஊரில் சொல்லும் கதிர்வீச்சு மட்டும் வைத்தால் போதவில்லை, கீமோ மருந்து மட்டும் கொடுத்தாலும் போதவில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். கதிர் பட்ட புற்றணு தன்னைச் சரிசெய்துகொண்டு எழுவதற்குள் மருந்து அதை மடக்கும் என்பதே கணக்கு. அந்த அனுபவத்தை 1971-இல் ‘ரேடியாலஜி’ என்ற அமெரிக்க இதழில் எழுதினார்கள். வசதி படைத்த நாடுகள் சொல்லித் தரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. எனக்கு இதில் தீராத பெருமை உண்டு.

வாய்க்குச் சரிப்பட்டது கல்லீரலுக்குச் சரிப்படவில்லை. கதிரை அளக்கும் அலகு கிரே; முழு ஈரலும் சுமார் 30 கிரே அளவுக்கு மேல் தாங்காது. கட்டியை அடக்கவோ அதைவிட அதிகம் வேண்டும். கதிர் பட்ட ஈரல் வீங்கி வயிற்றில் நீர் கோப்பதை 1965-இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் விவரித்தார்கள். அதன் பிறகு ஈரலுக்குக் கரண்ட் வைக்கப் பல காலம் தயங்கினார்கள்.

அந்தத் தயக்கத்தைப் போக்கியது சி.டி. ஸ்கேன். கட்டியின் வடிவத்தைப் பார்த்து, நல்ல பகுதியை ஒதுக்கிவிட்டுக் கதிரைச் செலுத்த முடிந்தது. இன்னொரு வழியை ஈரலின் ரத்த ஓட்டமே காட்டியது. நல்ல ஈரலுக்குப் பெரும்பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் சிரை வழியாகக் கிடைக்கிறது. கட்டி பெரும்பாலும் ஈரல் தமனியை நம்பியே வளர்கிறது. அந்தத் தமனிக்குள் மெல்லிய குழாய் விட்டால் மருந்து கட்டிக்கே நேராகப் போகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இரண்டு வழிகளையும் சேர்த்தார்கள். சியோலில் யோன்செய் பல்கலைக்கழக மருத்துவர்கள், சிரைக்குள்ளேயே கட்டி புகுந்துவிட்ட நோயாளிகளுக்கு ஐந்து வாரங்களில் 45 கிரே கதிரும், தமனி வழியே 5-ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தும் கொடுத்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது. கைவிடப்பட்டவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனாலும் பலருக்குக் கிடைத்தது கூடுதலாகச் சில மாதங்கள்தான். ஈரல் ஏற்கெனவே சுருங்கிக் கெட்டவர்களுக்கு இந்தச் சிகிச்சையைக் கொடுக்கவும் முடியாது.

அதனால் என் ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், தவறவிடாதீர்கள். குடியாலோ காமாலை வைரஸாலோ ஈரல் சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.