விதவைப் பேயும் இருதயத்தின் மின்னோட்டமும்

சயாம் என்று நம் முன்னோர் அழைத்த தாய்லாந்து தேசத்தின் வடகிழக்கில், நம்முடைய ஈசான மூலையின் பெயரையே தாங்கி ஈசான் என்று வழங்கும் வறண்ட பீடபூமியில், திடகாத்திரமான வாலிபர்கள் இரவு உணவை உண்டு படுத்து, நடுநிசியில் முனகி, மூச்சுத் திணறி, விடியுமுன் பிணமாகிவிடுவது கிராமத்தார் நெடுங்காலமாக அறிந்திருந்த விபரீதமாகும். 'லை தாய்' என்று அம்மரணத்துக்குப் பெயரிட்டிருந்த அவர்கள், புருஷனைத் தேடி இரவில் அலையும் விதவைப் பேயே அதற்குக் காரணம் என்று நம்பினர். பேய் நாடுவது ஆண்மகனை மட்டுமே ஆதலின் பரிகாரமும் அதற்கேற்றபடியே அமைந்தது: ஆண்கள் படுக்கப் போகுமுன் பெண்ணுடை தரித்து, நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, வந்த பேய் ஏமாந்து திரும்பட்டும் என்று கண்மூடினர். சிங்கப்பூரில் கட்டட வேலைக்குச் சென்றிருந்த தாய்லாந்துத் தொழிலாளர் பலர் இவ்வாறே உறக்கத்தில் மாண்ட செய்தி 1990-ஆம் ஆண்டில் ஊர்தோறும் பரவியபோது, ஈசான் கிராமங்கள் பலவற்றில் ஆண்குறியின் வடிவில் செதுக்கிய மரக்கட்டைகள் வீட்டு வாசல்களில் வைக்கப்பட்டன; பேய் அவற்றோடு திருப்தியடைந்து உள்ளே இருக்கும் உயிரை விட்டுவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

இந்த அச்சம் ஈசானுக்கு மட்டும் உரியதன்று. பிலிப்பைன்ஸ் தீவுகளில் இம்மரணத்தைப் 'பாங்குங்கோட்' என்றும், ஜப்பானில் 'பொக்குரி' என்றும் அழைத்தனர். லாவோஸ் மலைகளிலிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாகச் சென்ற மோங் இனத்தாரிடையே 1977 முதல் இதே மரணங்கள் தொடர, 1981-இல் அந்நாட்டு அரசின் நோய்த் தடுப்பு மையமே விசாரணையில் இறங்க நேரிட்டது. வைத்தியர்களின் நிலையோ கிராமத்தாருடையதைவிட மேலானதாக இல்லை என்றே சொல்லவேண்டும். ஹவாய்த் தீவில் மாண்ட பிலிப்பினோ ஆண்களைப் பற்றி மஜோஸ்கா என்ற மருத்துவர் 1948-இல் எழுதினார்; கணையத்தின் அழற்சி என்றார் சிலர், மிகுதியாக உண்டு படுத்ததே குற்றம் என்றார் சிலர். பிரேத பரிசோதனையிலோ இருதயம் பழுதற்றதாகவே காட்சியளித்தது. ஓட்டம் நின்றுபோன மின்கம்பியை அறுத்துப் பார்த்து அதில் ஓடிய மின்சாரத்தின் கோளாற்றை அறிய முற்படுவது போன்ற காரியமல்லவா அது?

விடை வந்தது முற்றிலும் எதிர்பாராத திசையிலிருந்து. 1986-ஆம் ஆண்டில், அடிக்கடி நினைவிழந்து வீழும் மூன்று வயதுப் பாலகனைப் போலந்திலிருந்து அவன் தந்தை ஹாலந்தின் மாஸ்ட்ரிக்ட் நகருக்கு, ஸ்பெயின் தேசத்து இருதய நிபுணரான பெத்ரோ புருகாடாவிடம் கொண்டுவந்தார். அவனுடைய சகோதரி முன்பே திடீர் மரணம் அடைந்தவள், அவளது இ.சி.ஜி.யும் இவனுடையதும் ஒரே விசித்திரமான வடிவத்தைக் காட்டின. பெத்ரோவும் அவர் சகோதரர் ஜோசெப்பும் இத்தகைய எட்டு நோயாளிகளைத் திரட்டி 1992-இல் வெளியிட்ட கட்டுரையே அந்நோய்க்கு அவர்கள் பெயரைத் தந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின், உறக்க மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டவர்களும் அதற்கு ஆளாகக்கூடியவர்களுமான 27 தாய்லாந்து ஆண்களைப் பரிசோதித்த கூன்லவீ நாடெமனீ என்ற மருத்துவர், அவர்களில் 16 பேரிடம் அதே வடிவத்தைக் கண்டார். விதவைப் பேயின் அடிச்சுவடு காகிதத்தில் பதிந்துவிட்டது.

1998-இல், புருகாடா சகோதரர்களில் இளையவரான ரமோனும் பங்குகொண்ட ஆராய்ச்சிக் குழு இந்நோயின் மூலத்தை எஸ்.சி.என்.5.ஏ என்னும் மரபணுவில் கண்டது. இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பும், அதன் உயிரணுக்களின் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் உட்புகுவதனால் தொடங்குகிறது. அவ்வாயில்களை அமைக்கும் கட்டளை இம்மரபணுவில் அடங்கியிருக்கிறது. அது பழுதானால் மின்னலை தளர்ந்து, வலது கீழறையின் மேற்பகுதியில் தடுமாறி, ஒருநாள் அறை முழுதும் துடிப்பை மறந்து வெறும் நடுக்கமாகிவிடுகிறது. ஈசானின் மரணமும் புருகாடா நோயும் மரபணுவளவில் ஒன்றே என்பதை 2002-இல் வெளிவந்த ஆராய்ச்சி உறுதிசெய்தது. எனினும், நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடமே இம்மரபணுவின் பழுது தெரிகிறது என்பதையும் மறைக்கலாகாது. ஆசியரை ஏன் இது அதிகம் நாடுகிறது என்பதற்கு 2006-இல் ஒரு குறிப்புக் கிடைத்தது: இதே மரபணுவின் செயலை அடக்கியாளும் பகுதியில், மின்னோட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் ஒரு மாறுபாடு ஜப்பானியரிடம் சுமார் 22 சதவீத அளவில் காணப்பட, அவ்வாராய்ச்சியில் சேர்க்கப்பட்ட வெள்ளையரிடமும் கறுப்பரிடமும் அது காணப்படவேயில்லை.

கிராமத்தாரைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. பழுது தாய்வழியாகவோ தந்தைவழியாகவோ ஆண், பெண் இருபாலருக்கும் சமமாகவே இறங்குகிறது. ஆயினும் வெளிப்படுவது ஆண்களிடம் எட்டுப் பங்கு அதிகம். ஆண்மைச் சுரப்பும், அவர்கள் இருதயத்தில் எதிர்த்திசையில் ஓடும் பொட்டாசிய மின்னோட்டத்தின் மிகுதியும் இதற்குக் காரணம் என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். துடிப்பைத் தணிக்கும் நரம்பின் ஆதிக்கம் ஓங்கும் இரவுநேரமே நோய் தாக்குவதற்குரிய காலம். ஆக, வாலிபன், ஆண், உறக்கம் என்ற மூன்று லட்சணங்களையும் விஞ்ஞானம் குறித்துக்கொள்வதற்கு நெடுநாள் முன்பே நகச்சாயம் பூசிய அந்த உழவர்கள் பிழையின்றிக் குறித்துவைத்திருந்தனர். காரணம் பொய்த்தது, கவனிப்புப் பொய்க்கவில்லை.

பரிகாரம் மட்டும் மாறிவிட்டது. தாய்லாந்தில் 86 பேரைக் கொண்டு நடத்தி 2003-இல் வெளியிட்ட சோதனையில், மாத்திரை மட்டும் உண்டவர்களில் எழுவர் இறந்தனர். நடுக்கம் கண்டவுடன் மின்னதிர்ச்சி தந்து இருதயத்தை மீட்கும் சிறு கருவியை மார்பில் பொருத்திக்கொண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆகவே, இளவயதில் உறக்கத்திலேயே காரணம் தெரியாமல் ஒருவர் மாண்ட குடும்பத்தார், எஞ்சிய உடன்பிறப்புகளையும் பிள்ளைகளையும் இருதய மருத்துவரிடம் காட்டி இ.சி.ஜி. எடுக்கவேண்டும், அந்த விசித்திர வடிவம் வந்து வந்து மறையும் இயல்புடையதாதலால் ஒருமுறை தெரியவில்லை என்று ஓய்ந்துவிடலாகாது, நோய் உறுதியானவர்கள் காய்ச்சல் கண்டால் அதைச் சிறிதும் தாமதியாமல் தணித்துக்கொள்ளவேண்டும்.