கொழும்பில் அடித்த யானைக் காசு

லண்டனில் இருக்கும் என் மச்சான் பழைய இங்கிலாந்துப் பென்னிகளைச் சேர்க்கிறார். வெள்ளவத்தைக்கு வரும்போதெல்லாம் இரண்டொன்றைக் கையோடு கொண்டுவந்து மேசையில் பரப்புவார். கட்டைவிரல் நகத்தளவு மெல்லிய வெள்ளி. ஒரு பக்கம் அரசன் முகம், மறுபக்கம் சிலுவை. கீழ் அச்சின் மேல் வெள்ளித் துண்டை வைத்து, அதன் மேல் இன்னோர் அச்சை நிறுத்தி, சுத்தியலால் ஓங்கி அடித்துச் செய்தவை. அடி சரிந்தால் அரசனுக்குப் பாதி முகந்தான். ஓரத்தைக் கத்தரித்து வெள்ளி திருடுகிறவனைக் காட்டிக்கொடுக்கட்டும் என்று 1247இல் சிலுவையின் கரங்களை விளிம்புவரை நீட்டினார்கள். திருட்டு நின்றபாடில்லை. 1662இல் சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டு இயந்திரத்துக்கு மாறினார்கள். புழக்கத்தில் மிஞ்சிக் கிடந்த கத்தரித்த காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கும் வேலை 1696இல் நடந்தபோது, லண்டன் நாணயச்சாலைக்குப் பொறுப்பாக வந்தவர் சாட்சாத் ஐசாக் நியூட்டன்.

"அதோட சுத்தியல் காசின்ட கதை முடிஞ்சுது" என்பார் மச்சான். அவருடைய இங்கிலாந்துக்கு முடிந்தது. அங்கே சுத்தியலை ஓரமாக வைத்து ஏறக்குறைய 140 வருஷம் கழித்து அதே பிரித்தானியர் கொழும்பில் கையால் காசு அடித்தார்கள் என்பதைத்தான் அவரால் ஜீரணிக்க முடிவதில்லை.

ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பு 1796 பெப்ரவரியில் கைமாறியது. அப்போது கடைத்தெருவில் ஓடியது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் செம்புக் காசு. கொம்பனியின் மூன்றெழுத்துப் பின்னல் முத்திரைக்கு மேலே ஓர் எழுத்து இருக்கும்: கொழும்பில் அடித்ததற்கு 'சி', காலிக்கு 'ஜி', யாழ்ப்பாணத்துக்கு 'ஐ', திருகோணமலைக்கு 'ரி'. கணக்கும் ஒல்லாந்தக் கணக்கே. நாலு ஸ்டைவர் ஒரு பணம். பன்னிரண்டு பணம் ஒரு றிக்ஸ்டொலர், அதாவது நம் முன்னோர் இறைசால் என்ற அதே காசு. 1798இல் வந்த ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தின் ஆட்சி அந்தக் கணக்கைத் தொடவில்லை. காசின் முகத்தை மட்டும் மாற்றியது. 1801இலிருந்து கொம்பனி முத்திரை போய் யானை வந்தது.

ஒரு பக்கம் இடப்புறம் பார்த்து நிற்கும் யானை, அதன் காலடியில் ஆண்டு. மறுபக்கம் 'சிலோன் கவர்ன்மென்ட்' என்று ஆங்கிலத்தில் வட்டமாக எழுத்து, நடுவில் ஓர் எண். புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் தடுக்கி விழுவது அந்த எண்ணில். செம்பில் 48 என்றிருந்தால் இறைசாலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, வெறும் ஒரு ஸ்டைவர். 12 என்றிருப்பதுதான் பெரிய காசு, ஒரு பணம். வெள்ளியிலோ கணக்குத் தலைகீழ்: 1803 தொடக்கம் 1809 வரை அடித்த வெள்ளிக் காசுகளில் 24, 48, 96 என்பவை நேரே ஸ்டைவர். ஆக, செம்பு 48 ஆகச் சின்னது, வெள்ளி 48 முழு இறைசால். இது தெரியாமல், எண்ணைப் பார்த்தே விலை சொல்லும் நடைபாதை வியாபாரிகள் புறக்கோட்டையில் இருக்கிறார்கள். அது எனக்குச் சில தடவை லாபமாக முடிந்ததை மறைப்பானேன்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில், வூல்பெண்டால் தேவாலயத்துக்குக் கிட்ட. செட்டியார் தெரு நகைப்பட்டறைகள் கூப்பிடு தூரம். பழைய இரும்பு, போத்தல் வாங்குகிறவர்களிடமிருந்து செம்புக் காசுகள் அங்கே நிறைக்கு வந்து சேரும். தங்கத்தில் கலக்கப் பழைய செம்பே நல்லதென்பது எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவரின் கட்சி. அவருடைய தகரப் பேணியைக் கிளறித்தான் என் முதல் யானையை எடுத்தேன். "தம்பி, இதில யானையும் இல்லை, பூனையும் இல்லை" என்று சிரித்தார். தும்பிக்கையும் முன்கால்களும் மட்டுமே விழுந்திருந்தன. வெள்ளிக் காசுகள் செம்பைவிட அரிதாகக் கிடைப்பதற்கும் இப்படிப்பட்ட உலைகளே காரணம் என்பது என் ஊகம்.

கையால் அடித்த காசில் தேய்வு வேறு, அடி பிழைத்தது வேறு. கைமாறித் தேய்ந்த காசில் மேடான இடமெல்லாம் மழுங்கியிருக்கும். அடி பிழைத்ததில் ஒரு பாதி கூர்மையாக இருக்கும், மறுபாதி பிறவியிலேயே இராது. இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்கிறவன் காசு பார்க்கத் தெரியாதவன். யானை நடுவில் விழுந்து, காலடியில் ஆண்டும் முழுதாகத் தெரிந்தால் விலை ஏறும். ஆண்டுதான் பெரும்பாலும் விளிம்புக்கு வெளியே போய்விடும்.

1802ஆம் ஆண்டு போட்டு இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்து அனுப்பிய யானைகளும் உண்டு. வட்டம் பிசகாது, எழுத்து பிசகாது. கடைக்காரர்கள் இவற்றைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். என் கண்ணுக்கு அவை சலிப்பு. கொழும்புக் கைவேலையில் ஒரு யானைபோல் இன்னொன்று இல்லை. சிலதின் வயிறு தொங்கும், சிலதுக்குக் கால் கட்டை.

அந்தக் கைவேலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1815இல் மூன்றாம் ஜோர்ஜின் தலையோடும், 1821இல் நான்காம் ஜோர்ஜின் தலையோடு வெள்ளி இறைசாலாகவும் இங்கிலாந்திலிருந்து காசு வந்தது. 1825இல் ஸ்டேர்லிங் கணக்கு. ஓர் இறைசாலுக்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று விலை கட்டினார்கள். 1828இல் இலங்கைக்கென்றே அரை பாதிங் அடித்து அனுப்பினார்கள். 1872இல் ரூபாவும் சதமும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டன.

இந்தக் கதையை ஒழுங்காகப் படிக்க விரும்புகிறவர்கள் எச். டபிள்யூ. கொட்றிங்டன் எழுதி, 1924இல் கொழும்பு நூதனசாலை வெளியிட்ட இலங்கை நாணய நூலைத் தேடிப் பிடியுங்கள். காசைக் கண்ணால் பார்க்க, கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் நூதனசாலை இருக்கிறது.

வீட்டில் பாட்டியின் பெட்டகத்தில் ஒன்று அகப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளக்கும் பழஞ்செம்புக்குப் பாதி விலையும் தேறாது. இருநூறு வருஷம் ஏறிய கறுப்புத்தான் அதன் சாட்சி. இன்னொன்று. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளைத் தொல்பொருள் என்று வரையறுத்தது. கொழும்பு யானைகளில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.