கிறித்தவத் தொண்டு நிறுவனங்களில் இளந்தலைவர் உருவாக்கம்

கிறித்தவத் தொண்டு நிறுவனங்களில் அடுத்த தலைமுறைப் பொறுப்பாளர்களைக் கண்டறிந்து, பயிற்சியளித்து, அதிகாரத்தை ஒப்படைக்கும் முறையே இளந்தலைவர் உருவாக்கம் ஆகும். பதவியைத் தொண்டாகக் கருதுவது இதன் அடிப்படை.

இந்தியாவில் இதற்குச் சிறந்த சான்று வே. ச. அசரியா (1874–1945). நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த இவர், 1895இல் ஒய்.எம்.சி.ஏ. எனும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் செயலாளரானார். அதே அமைப்பில் பணியாற்றிய அமெரிக்கரான ஷெர்வுட் எடி இவருடன் பயணம் செய்து, ஆசானாக அன்றித் தோழராகப் பழகினார். அந்நட்பில் வளர்ந்த தன்னம்பிக்கை, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கமாக மலர்ந்தது. ஊழியர், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிமார் இந்தியருக்கு நட்பை வழங்க வேண்டும் என அசரியா வற்புறுத்தினார். 1912இல் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் இவரே.

தோர்ணக்கல்லில் குருத்துவ மாணவர்கள் குடும்பத்தோடு தங்கிப் பயின்றனர். பாடத்துடன் வயல்வேலையும் செய்தனர். மனைவியரும் பயிற்சி பெற்றனர். கிராமத்தில் பணியாற்றப்போகிறவர் கிராம வாழ்வினின்று விலகிவிடலாகாது என்பதே இதன் நோக்கம்.

அதிகாரம் இந்தியர் கைக்கு மாறியதற்கு மற்றொரு சான்று, சேலத்தில் பிறந்த கே. டி. பால். இவர் 1916இல் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளராகி, கிராமப் புனரமைப்புப் பணியை வளர்த்தார்.

இவ்வரலாறு காட்டும் கூறுகள் மூன்று: மூத்தவரின் நெருங்கிய துணை, களத்தில் உண்மையான பொறுப்பு, உரிய காலத்தில் அதிகாரக் கைமாற்றம். கடைசிக் கூறு தவறினால் முதலிரண்டும் பயனற்றுப்போகும்.