தீமை எங்கிருந்து வந்தது?

எல்லாம் வல்லவரும் முற்றும் நல்லவருமான ஒரே கடவுள் உலகைப் படைத்தாராயின், அதனுள்ளே தீமை புகுந்தது எவ்வாறு? ஆதிக் கிறித்தவ அறிஞரை இடையறாது வருத்திய வினா இது.

இரண்டாம் நூற்றாண்டிலே உரோமாபுரியிற் போதித்த மார்சியன், உலகைப் படைத்த கடவுள் வேறு, இயேசு அறிவித்த அன்புக் கடவுள் வேறு என்றார். 144ஆம் ஆண்டில் உரோமைத் திருச்சபை அவரை விலக்கியது. 180ஆம் ஆண்டளவில், லியோன் நகரத்து மேற்றிராணியாரான இரேனேயு, படைத்தவரும் மீட்பவரும் ஒருவரே என்று வாதித்தார். மனிதன் குழந்தை போலத் தொடங்கி நிறைவை நோக்கி வளரவேண்டியவன். நன்மை தீமை இரண்டையும் அறிந்தே நன்மையை நாடக் கற்கிறான் என்பது அவர் கொள்கை.

இவ்வினாவைத் தம் வாழ்க்கையின் வினாவாகவே கொண்டவர் அகுஸ்தீனார். 354ஆம் ஆண்டு, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே நகரிற் பிறந்த அவர், இளமையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மானியின் சமயத்தைப் பின்பற்றினார். மூன்றாம் நூற்றாண்டிலே பாரசீகப் பேரரசில் எழுந்த அச்சமயம், ஒளியும் இருளும் அனாதியானவை என்றும், அவற்றின் கலப்பே இவ்வுலகு என்றும் கூறியது. பாவஞ் செய்வது நானல்லேன், என்னுட் கலந்த இருளே என்னும் ஆறுதலும் அதிற் கிடைத்தது. அவ்வாறுதலே பின்னர் அவருக்குக் கசந்தது. பாவம் என்னுடையதன்றாயின், நான் மனந்திரும்புவதற்கு இடமேது?

மிலான் நகரிலே அம்புரோசியாரின் பிரசங்கங்களைக் கேட்டும், பிளேட்டோவின் வழிவந்தோர் நூல்களைக் கற்றும் தெளிவடைந்த அவர், 387இல் ஞானஸ்நானம் பெற்றார். தீமை தனித்ததொரு பொருளன்று. நன்மையின் குறைவே அது என்பது அவர் கண்ட முடிவு. நோய் என்பது உடல்நலத்தின் குறைவு. பாவம் என்பது உயர்ந்த நன்மையை விடுத்துத் தாழ்ந்ததை நாடும் சித்தத்தின் கோணல்.

410இல் அலாரிக்கின் கோத்தியப் படை உரோமாபுரியைச் சூறையாடியது. பழைய தெய்வங்களைக் கைவிட்டதன் பயன் இதுவெனப் பலர் பழித்தனர். நல்லோரும் தீயோரும் ஒருங்கே துன்புற்றது ஏனெனக் கிறித்தவர் கலங்கினர். அப்போது ஹிப்போ நகரத்து மேற்றிராணியாராயிருந்த அகுஸ்தீனார், 'கடவுளின் நகரம்' என்னும் பெருநூலைத் தொடங்கி, 426ஆம் ஆண்டளவில் 22 பாகங்களில் நிறைவேற்றினார். துன்பம் ஒன்றேயாயினும், தாங்குவோரின் தன்மைக்கேற்ப அதன் பயன் வேறுபடும் என்று அதில் விளக்கினார்.

நல்லதாய்ப் படைக்கப்பட்ட சித்தம் முதன்முதற் கோணியது ஏன்? அதற்குக் காரணந் தேடுவது இருளைக் கண்ணாற் காண முயல்வதை ஒக்கும் என அந்நூலிலேயே அவர் ஒப்புக்கொண்டார். 430இல் வந்தாலர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த வேளை அவர் காலமானார். வினா முற்றுந் தீரவில்லை. எனினும், தீமையின் பழியை வேறொரு தத்துவத்தின்மேற் சுமத்தி மனிதன் ஒதுங்குவதற்கு அவர் இடம் வைக்கவில்லை.