எறிகளை எண்ணுதல்: சிறுவர் பேஸ்பாலும் உடலின் மீதான உரிமையும்

விளையாட்டில் என்னய்யா அரசியல் என்று கேட்கிற நண்பர்கள் நமக்கு உண்டு. அவர்களுக்கு ஒரு சின்ன கணக்கைக் காட்டலாம். 1991 கோடையில் ஜப்பானின் கோஷியென் மைதானத்தில் ஒக்கினாவா சுய்சான் பள்ளியின் ஓனோ ரின் என்கிற மாணவன் ஆறு ஆட்டங்களில் 773 பந்துகள் எறிந்தான். கடைசி நான்கு ஆட்டங்களும் நான்கு நாட்கள் அடுத்தடுத்து. முழங்கை முன்பே கெட்டிருந்தது. இறுதி ஆட்டத்தில் அணி தோற்றது. பின்னால் பார்த்தபோது முழங்கையில் எலும்பு முறிவு. அவன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனான், ஆனால் பந்தெறிபவனாக அல்ல. அந்த 773 எறிகளை அன்றைக்கு ஊரே கைதட்டிப் பார்த்தது. 'போதும், நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது? விதியில் அப்படி ஒரு இடமே இல்லை. இந்தக் கட்டுரை அந்த இடம் எப்படி உண்டானது, யார் அதை மறுத்தார்கள் என்பதைப் பற்றியது.

1

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் ஒரே பௌலர் அடுத்தடுத்து இரண்டு ஓவர் போட முடியாது. பேஸ்பாலில் அப்படியில்லை. பிட்சர் எனப்படும் ஒருவனே ஆட்டம் முழுக்க எறியலாம். நூறு, நூற்றைம்பது தடவை, ஒவ்வொரு தடவையும் முழு வேகத்தில். கையை மடக்கிச் சுழற்றி வீசும்போது முழங்கையின் உட்பக்கம் பிளப்பதுபோல் இழுபடுகிறது. பெரியவர்களிடத்தில் அந்த இழுப்பை வாங்குவது அங்குள்ள தசைநார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடத்திலோ எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எலும்பின் ஓரத்தில் இருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பு தசைநாரைவிடப் பலவீனமானது. ஆகவே நார் அறுவதற்கு முன்னால் எலும்பின் முனையே பிய்ந்து விலகுகிறது. 1960இல் இரண்டு அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர்கள் இதற்கு 'லிட்டில் லீக் முழங்கை' என்று பெயர் வைத்தார்கள். நோய்க்கு ஒரு நிறுவனத்தின் பெயர் வந்தது கவனிக்க வேண்டிய விஷயம். பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1939இல் தொடங்கிய சிறுவர் அமைப்புதான் லிட்டில் லீக்.

1965இல் கலிபோர்னியாவில் ஜோயல் ஆடம்ஸ் என்ற மருத்துவர் 9 முதல் 14 வயது வரையிலான 162 சிறுவர்களின் முழங்கைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். அவர்களில் 80 பேர் பிட்சர்கள். அத்தனை பிட்சர்களின் கையிலும் ஏதாவதொரு மாற்றம் தெரிந்தது. 1976இல் ஹூஸ்டனிலும் யூஜீனிலும் நடந்த ஆய்வுகள் 'அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை' என்ற தொனியில் முடிந்தன. ஆக, விஞ்ஞானமும் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் அறிகுறி தெரிந்தே இருந்தது. அப்புறமும் எறிகளை எண்ணுவதற்கு நாற்பதாண்டுகள் ஏன் ஆயின?

2

ஒரு காரணம், எதை எண்ணுவது என்பதிலேயே இருந்த சூட்சுமம். லிட்டில் லீக் 2006 வரை இன்னிங்ஸைத்தான் கணக்கில் எடுத்தது. இன்னிங்ஸ் என்பது ஆட்டத்தின் அளவு. எறி என்பது உடலின் அளவு. ஒரு இன்னிங்ஸ் பத்து எறியில் முடியலாம், நாற்பதும் ஆகலாம். ஆட்டத்தின் கண்ணோட்டத்தில் இரண்டும் ஒன்றே. முழங்கைக்கு இரண்டும் ஒன்றல்ல. 2007இல் லிட்டில் லீக் எறிக்கணக்குக்கு மாறியது: 9-10 வயதுக்கு ஒரு நாளில் 75, 11-12க்கு 85, 13-16க்கு 95, 17-18க்கு 105. எத்தனை எறிந்தானோ அதற்கேற்ப கட்டாய ஓய்வு நாட்கள். 14 வயது வரை, 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் பிட்சராக எறியக் கூடாது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற அறுவை மருத்துவர் உருவாக்கிய ஆய்வு நிறுவனத்தின் உழைப்பு இருந்தது. 2006இல் வெளியான அவர்களுடைய ஒப்பீட்டில், அறுவை சிகிச்சைக்கு வந்த இளம் பிட்சர்களையும் காயமில்லாதவர்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். வருஷத்தில் எட்டு மாதத்துக்கு மேல் எறிந்தவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு. ஆட்டத்துக்கு 80 எறிகளுக்கு மேல் போனவர்களுக்கு நான்கு மடங்கு. கை சோர்ந்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு 36 மடங்கு. 481 சிறுவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வு 2011இல் வந்தது. வருஷத்துக்கு நூறு இன்னிங்ஸைத் தாண்டியவர்களுக்குக் காய வாய்ப்பு மூன்றரை மடங்கு என்றது.

அந்த 36 மடங்கை மட்டும் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். சோர்வு என்பது வெளியிலிருந்து எண்ணக்கூடியது அல்ல, பையனே சொல்ல வேண்டியது. பையன் ஏன் சொல்வதில்லை? சொன்னால் 'தைரியமில்லாதவன்'. சொன்னால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்ச். வலியைச் சொல்லாமல் இருப்பதே ஆண்மை என்று வீட்டிலும் மைதானத்திலும் சேர்ந்து கற்றுக்கொடுத்த பிறகு, 'வலித்தால் சொல்லு தம்பி' என்பது வெறும் பாசாங்கு. எறிக்கணக்கு அந்தப் பாரத்தைப் பையனின் தலையிலிருந்து இறக்கி விதியின் தலையில் வைக்கிறது. அவன் கோழை ஆகாமலே இறங்கி வரலாம்.

3

மிஷெல் ஃபூக்கோவைப் படித்த நம் நண்பர்கள் இங்கே குறுக்கிடக்கூடும். எண்ணுவதும் அட்டவணை போடுவதும் அதிகாரத்தின் தொழில்நுட்பங்கள்தானே? உடலைப் பணியவைக்கிற வேலைதானே அது? சரிதான். கோஷியெனின் கதையே அதற்குச் சாட்சி. 1911இல் தோக்கியோ அசாஹி நாளிதழ் பேஸ்பாலின் தீமைகளைப் பற்றி ஒரு தொடர் வெளியிட்டது. கல்வியாளர் நிதோபே இனாஸோ அதை ஜேப்படிக்காரனின் விளையாட்டு என்றே ஏசினார். நான்கே வருஷம் கழித்து, 1915இல், அதே அசாஹி குழுமத்தின் ஒசாகா இதழ் மாணவர் பேஸ்பால் போட்டியைத் தொடங்கிவிட்டது. தீமை நற்பண்பாக மாறிப்போயிற்று. மொட்டைத் தலை, வணக்கம், தோற்றவர்கள் மைதானத்து மண்ணை அள்ளிக்கொண்டு அழுவது: எல்லாம் சேர்ந்து ஒரு தேசியச் சடங்கு. அந்தச் சடங்கின் நடுவில் நின்றது ஒரே ஒரு பிட்சரின் கை.

அங்கேயும் எண்ணினார்கள். ஆனால் நிறுத்துவதற்காக எண்ணவில்லை, புகழ்வதற்காக எண்ணினார்கள். 1933: யோஷிதா மசாவோ, 25 இன்னிங்ஸ், 336 எறி. 1969: ஓத்தா கோஜி, 18 இன்னிங்ஸ் சமநிலை, 262 எறி, மறுநாள் மறுபடியும் ஆட்டம். 1998: மத்சுசாகா டைசுகே, முதல் நாள் 148, மறுநாள் 17 இன்னிங்ஸில் 250. 2006: சைதோ யூகி, ஒரே போட்டித்தொடரில் 948. ஒரே எண், இரண்டு அரசியல். புராணத்தில் அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு மகிமை. விதியில் அது ஒரு வேலி. ஆகவே எண்ணுவது அதிகாரமா விடுதலையா என்று பொதுவில் கேட்பதில் பொருளில்லை. யார் எண்ணுகிறார்கள், எண்ணி முடித்ததும் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

இந்தப் பிளவு நமக்குப் புதிதல்ல. 1833இல் இங்கிலாந்தின் தொழிற்சாலைச் சட்டம் 9 முதல் 13 வயதுக் குழந்தைகளின் வேலையை நாளுக்கு அதிகபட்சம் ஒன்பது மணிநேரமாக்கியது. கடிகாரம் முதலாளியின் கருவியாகத்தான் ஆலைக்குள் வந்தது. அதே கடிகாரத்தைக் காட்டித்தான் தொழிலாளி 'நேரம் முடிந்தது' என்றான். 1837இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் நசாவ் சீனியர், லாபம் முழுக்கக் கடைசி மணிநேரத்தில்தான் இருக்கிறது, அதைக் குறைத்தால் தொழிலே போய்விடும் என்று வாதாடினார். மார்க்ஸ் அவரைக் கேலி செய்தது நாம் அறிந்ததே. 'கடைசி எறியில்தான் ஆட்டத்தின் ஆன்மா இருக்கிறது' என்கிறவர்கள் சீனியரின் வாரிசுகள். ஒரு வித்தியாசம்: ஆலைச் சிறுவனுக்குக் கூலி இருந்தது. இந்தச் சிறுவனுக்கு அதுவும் கிடையாது.

4

ஜப்பானில் வேலி எப்படிப் போடப்பட்டது என்று பார்த்தால், ஒவ்வொரு கம்பியும் ஒரு கை கெட்ட பிறகோ கெடப்போகிறது என்ற பயத்திலோ நட்டதுதான். 1958இல் பாண்டோ எய்ஜி என்ற மாணவன் இரண்டு நாளில் 16, 25 என்று 41 இன்னிங்ஸ் எறிந்தான். அதன்பிறகே 18 இன்னிங்ஸோடு நிறுத்தி மறு ஆட்டம் என்ற விதி வந்தது. ஓனோவுக்குப் பிறகு பிட்சர்களின் தோள், முழங்கைப் பரிசோதனை. மத்சுசாகாவின் 17 இன்னிங்ஸுக்குப் பிறகு 2000இல் வரம்பு 15 ஆனது.

2018 டிசம்பரில் நீகாத்தா மாகாணச் சங்கம், ஒரு ஆட்டத்துக்கு 100 எறிதான் என்று அறிவித்தது. தேசியக் கூட்டமைப்பு 'மறுபரிசீலனை செய்யுங்கள்' என்றது, நீகாத்தா பின்வாங்கியது. அப்போது வந்த எதிர்வாதம் ஒன்றை நாம் லேசாகத் தள்ள முடியாது. நாடெங்குமிருந்து பையன்களைத் திரட்டும் பணக்காரத் தனியார் பள்ளியிடம் நான்கு நல்ல பிட்சர்கள் இருப்பார்கள். ஊர்ப் பொதுப்பள்ளியிடம் ஒருத்தன்தான். வரம்பு போட்டால் ஏழைப் பள்ளி தோற்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சமத்துவத்துக்கான விலையைக் கட்டுவது யார்? பள்ளிகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை ஒரு பதினேழு வயதுப் பையனின் முழங்கை நிரவ வேண்டும் என்றல்லவா ஆகிறது! ஏழையிடம் உடலைத் தவிர வேறு மூலதனம் இல்லை, எனவே உடலைச் செலவழிக்கும் சுதந்திரத்தை அவனிடமிருந்து பறிக்காதே என்ற இந்த வாதத்தை, நீண்ட வேலைநேரத்துக்கு ஆதரவாகவும் கேட்டிருக்கிறோம்.

அந்த வாதம் 2019 ஜூலையில் சோதனைக்கு வந்தது. இவாத்தே மாகாணத்தின் ஓஃபுனாதோ ஒரு பொதுப்பள்ளி, 35 ஆண்டுகளாகக் கோஷியென் பார்த்ததில்லை. அவர்களிடம் சசாகி ரோகி இருந்தான். 21ஆம் தேதி 12 இன்னிங்ஸில் 194 எறி, 24ஆம் தேதி அரையிறுதியில் 129. மறுநாள் இறுதி. பயிற்சியாளர் அவனை இறக்கவேயில்லை. அணி 12-2 என்று தோற்றது. பள்ளிக்குத் தொலைபேசியில் வசை குவிந்தது. விதி இல்லாத இடத்தில் ஒரு தனிமனிதர் வேலியாக நின்றால் இதுதான் நடக்கும். அறம் அவருடையது, அடியும் அவருக்கே. அதே நவம்பரில் கூட்டமைப்பு வாரத்துக்கு 500 எறி என்று முடிவெடுத்தது, 2020 முதல் நடைமுறை. லிட்டில் லீக் கணக்கில் அதே வயதுப் பையன் முழு வரம்பு வரை எறிந்தால், ஓய்வு நாட்கள் போக, வாரத்துக்கு 210தான் வரும். 500 யாருடைய எண் என்பதை வாசகரே யோசிக்கலாம்.

5

இதைப் படித்து 'கீழை நாட்டுக் கொடுமை' என்று அமெரிக்கப் பக்கம் நின்றுகொள்வது சுலபம். 2013இல் அன்ராகு தோமோஹிரோ என்ற பதினாறு வயதுப் பையன் ஒன்பது நாளில் 772 எறிந்தபோது அமெரிக்கப் பத்திரிகைகள் அப்படித்தான் அதிர்ந்தன. சாமுராய், தியாகம் என்று வழக்கமான சொற்களெல்லாம் வந்தன. அவர்கள் சொந்த வீட்டில் என்ன? 1974இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற வீரரின் இடது முழங்கையில், வலது கையிலிருந்து எடுத்த தசைநாணை வைத்துக் கட்டினார். வெற்றி நூற்றில் ஒன்று என்று நினைத்த சிகிச்சை. 2007-2011இல் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேல் 15-19 வயதினர் என்று ஓர் ஆய்வு கண்டது. அங்கே பையனைத் தின்பது தேசியச் சடங்கு அல்ல, சந்தை. பள்ளி அணி ஒன்று, காசு கட்டிச் சேரும் பயண அணி ஒன்று, கல்லூரிக்காரர்கள் வேகத்தை அளக்க வரும் காட்சி ஆட்டங்கள் வேறு. ஒவ்வொரு அணியும் தன் கணக்கை ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறது. மூன்றையும் கூட்டிப் பார்க்க ஆளில்லை. 2014இல் வந்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல் வெறும் அறிவுரை. உயர்நிலைப் பள்ளிகளில் எறி வரம்பு கட்டாயமானது 2017இல்தான், அதுவும் எண்ணை மாநிலங்களே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சிக்கல் இன்னொரு படி நகர்ந்திருக்கிறது. எறி குறைந்தாலும் ஒவ்வொரு எறியின் மூர்க்கமும் கூடியிருக்கிறது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலே வெளியிட்ட அறிக்கை, வேகத்தின் மீதான மோகத்தையும் ஒவ்வொரு பந்தையும் உச்சபலத்தோடு வீசும் பழக்கத்தையும்தான் காயங்களுக்குக் காரணமாகக் காட்டுகிறது. அந்த மோகம் சிறுவர் ஆட்டம் வரை இறங்கியிருப்பதையும் ஒப்புக்கொள்கிறது. வேலைநேரம் குறைந்தால் வேலையின் வேகத்தைக் கூட்டுவது ஆலையும் செய்த வேலைதான்.

அப்படியானால் எண்ணுவது வீணா? இல்லை. எட்டு மணிநேரச் சட்டம் சுரண்டலை ஒழிக்கவில்லை என்பதற்காக அதை விட்டுக்கொடுக்கச் சொன்னவர்கள் யாருடைய ஆட்கள் என்பது நமக்குத் தெரியும். வரம்பு என்பது கேட்டு வாங்க வேண்டிய குறைந்தபட்சம். அடுத்து கேட்க வேண்டியது, எல்லா அணிகளின் கணக்கும் ஒரே ஏட்டில் சேர வேண்டும், அந்த ஏடு பயிற்சியாளர் கையிலோ தேர்வாளர் கையிலோ இருக்கக் கூடாது என்பது. அது பையனிடமும் அவன் வீட்டாரிடமும் இருக்கட்டும். தன் உடலின் கணக்கைத் தானே வைத்திருக்கிறவனிடம் 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று கேட்பது அவ்வளவு சுலபமாக இருக்காது.