ஆண்டாள் ஊரும் ஜானகியம்மா மூச்சும்

1982. ‘மூன்றாம் பிறை’யில ‘பொன்மேனி உருகுதே’, ‘சகலகலா வல்லவன்’ல ‘நிலா காயுது’. ரெண்டுக்கும் இசை இளையராஜா. ரெண்டுலயும் எஸ்.ஜானகி, வயசு நாற்பதைத் தாண்டியாச்சு! மூச்சையே நடிக்க வச்சாங்க. (டாக்டரா சொல்றேன், அந்த நுரையீரல் மேல எனக்குப் பொறாமை.)

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற பஸ்ல இதைப் போட்டா, பெருசுங்க “கலிகாலம்”னு முணுமுணுப்பாங்க. ஆனா பஸ் போய் நிக்கிறது யார் ஊர்ல?

நாச்சியார் திருமொழி எடுத்துப் படிங்க, 143 பாசுரம். பெருமாள் கையில இருக்கிற சங்கைக் கூப்பிட்டு, அவன் வாய் எப்படி மணக்கும், எப்படி ருசிக்கும்னு ஆசையா விசாரிக்கிறா ஆண்டாள். மார்கழி ஸ்பீக்கர்ல திருப்பாவை முப்பதும் கேட்டிருக்கேன், இந்தப் பதிகத்தைக் கேட்டதே இல்ல.

ஒரு வித்தியாசம் இருக்கு. அந்த ரெண்டு சினிமாப் பாட்டையும் எழுதினது கங்கை அமரனும் வாலியும். ஆண்டாள் தன் ஆசையைத் தானே எழுதினா.